இந்தக் கரையில் ஆக்சலாட்டலுக்கு வேண்டியது குளிர்ந்த நீர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆக்சலாட்டல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டவர்களுக்கும், பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று வாங்க நினைப்பவர்களுக்கும் இந்தக் கடிதம். ‘நடக்கும் மீன்’ என்று சொல்லி விற்றாலும் அது மீன் இல்லை. தவளைக்கு உறவான நீர்நில வாழ்வி. செவுள்களைக் கழற்றாமல் ஆயுள் முழுக்கத் தண்ணீரிலேயே இருந்துவிடுவது. அதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சோச்சிமில்கோ ஏரியும் கால்வாய்களும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர், கொடைக்கானலைவிடச் சற்று உயரம். அந்தக் குளிரில் வாழும் உயிரை நாம் பாம்பன் வெயிலுக்குக் கொண்டுவருகிறோம். மற்ற எல்லாத் தொல்லையும் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

அதற்கு ஏற்ற நீர் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 20 வரை பரவாயில்லை. 24-ஐத் தாண்டினால் உடம்பு தளரத் தொடங்கும். நம் கரையில் சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள் இருக்கும் தொட்டித் தண்ணீரே 30-க்கு மேல் போய்விடும். சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நச்சுப் பங்கோ 18 டிகிரியில் இருப்பதைப் போல 28 டிகிரியில் ஏறத்தாழ இரு மடங்கு. சூட்டில் தளர்ந்த உடம்பில் பூஞ்சையும் எளிதில் பற்றும். செவுள்கள் முன்பக்கம் மடங்குவது, வால் நுனி சுருள்வது, இரையைத் திரும்பிப் பார்க்காதது, செவுளில் பஞ்சு போல வெள்ளை படிவது ஆகியவை தெரிந்தால் மருந்தைத் தேடுவதற்கு முன் தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

மேலே ஒரு சிறு மின்விசிறி வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். விசிறி குளிர்விப்பது தண்ணீர் ஆவியாவதால். நம் கடற்காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாவது குறைவு. இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் பெரிது. ஆவியான அளவுக்குத் தண்ணீர் ஊற்ற ஊற்ற உப்பும் ஏறிக்கொண்டே போகும். ஆகவே கம்ப்ரசர் உள்ள சில்லர் (ஃபிரிட்ஜ் போலத் தொட்டி நீரைக் குளிர்விக்கும் கருவி) வேண்டும், அல்லது இரவு பகலாக ஏ.சி. ஓடும் அறை வேண்டும். கம்ப்ரசர் இல்லாத, மின்சாரத்தால் குளிரும் தகடு வைத்த பெல்டியர் வகைச் சிறு குளிரூட்டிகள் இந்த வெக்கைக்குத் தாங்காது. சில்லர் தன் பின்பக்கம் சூட்டைத் தள்ளும் என்பதால் சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். உப்புக்காற்று அதன் தகடுகளை அரிக்கும். மாதம் ஒருமுறை மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். தொட்டியின் பின்புறம், பக்கங்கள், அடிப்பகுதியில் தெர்மாகோல் ஒட்டினால் மின்செலவும் குறையும், கரண்ட் போகும்போது குளிரும் சில மணி நேரம் நிற்கும்.

சில்லர் வந்து சேரும் வரை என்ன செய்வது? மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி நம் ஊரில் எங்கும் கிடைக்கும். மீனோ உப்போ படாத புதுப் பெட்டியாக வாங்கி 20 லிட்டர் நீர் விட்டு, ஆக்சலாட்டலை அதில் வையுங்கள். அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி உறையவைத்து, மூடியோடு மிதக்கவிட்டால் அந்த நீர் சுமார் இரண்டரை டிகிரி இறங்கும். ஒரே நேரத்தில் நாலு பாட்டில் போடாதீர்கள். சட்டென்று விழும் குளிரும் கெடுதல்தான். மணிக்கு ஒன்றாகப் போட்டு 18-க்குக் கொண்டுவாருங்கள். மீன்பிடி இறங்குதளத்து ஐஸ் கட்டியை நேராக நீரில் போடவே கூடாது. பெட்டியில் ஃபில்டர் இல்லாததால் தினமும் முழு நீரையும், அதே குளிரில் தயாராக வைத்த நீரால் மாற்ற வேண்டும்.

அடுத்தது தண்ணீர். தங்கச்சிமடம், இராமேசுவரம் பக்கத்துக் கிணறுகளில் ஒரு கிணறு இனிக்கும், அடுத்தது உவர்க்கும். நாக்கை நம்பாமல், நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் அளந்துவிட்டு ஊற்றுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீரில் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் சொட்டு விட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். கேன் தண்ணீர் மட்டும் ஊற்றினால் அதில் தாது உப்பு மிகக் குறைவு என்பதால் சில வாரங்களில் பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) சரியும். குளோரின் நீக்கிய காவிரி நீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் நல்லது. பி.எச். 7.4 முதல் 7.6 வரை இருக்கட்டும்.

ஓர் ஆக்சலாட்டலுக்கு 3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலத் தொட்டியில் ஓர் அடி உயரம் நீர் விட்டால் சுமார் 100 லிட்டர் வரும், அது போதும். மூடி அவசியம். விலங்கை விடுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் முன்பே ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவு அம்மோனியா கொடுத்து, கழிவின் நச்சை முறிக்கும் நல்ல பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் நம் ஊர் வெக்கை கைகொடுக்கும்: சில்லரைப் போடாமல் விட்டால் பாக்டீரியா சீக்கிரம் பெருகும். கொடுத்த அம்மோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட் என்ற நச்சும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் காட்டிய பிறகு குளிரவையுங்கள். அதன்பின் வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீர் மாற்றினால் போதும்.

தரையில் கூழாங்கல் கூடாது. இரையோடு சேர்த்து விழுங்கிக் குடல் அடைத்துச் சாகும். கடற்கரை மணலும் வேண்டாம், அதில் உப்பும் சிப்பித் துண்டும் இருக்கும். வெறும் கண்ணாடித் தரையே மேல். ஆக்சலாட்டலுக்கு இமை கிடையாது. பளிச்சென்ற விளக்கைத் தவிர்த்து, ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வாய்ப்பக்கம் உடைத்து, விளிம்பைத் தேய்த்து வையுங்கள். கூட மீன் விடாதீர்கள், செவுளைக் கடிக்கும்.

இரை மண்புழு. யூரியாவோ பூச்சிமருந்தோ படாத மண்ணிலிருந்து எடுத்து, அலசிக் கொடுங்கள். மண்புழு உரக் குழியின் சிவப்புப் புழுவைக் கசப்பால் பல நேரம் துப்பிவிடும். வளர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று முறை, குட்டிக்குத் தினமும் நறுக்கி. தூண்டிலுக்கு வைக்கும் கடற்புழு வேண்டாம்.

பூஞ்சை வந்தால் ஒரு லிட்டர் நன்னீரில் இரண்டு டீஸ்பூன் கல் உப்பு கரைத்து, அந்த நீரையும் தொட்டியின் குளிருக்கே கொண்டுவந்து, 10 நிமிடம் மட்டும் வைத்தெடுங்கள். கடல்நீரை மொண்டுவந்து குளிப்பாட்டாதீர்கள். அதன் உப்பு லிட்டருக்கு சுமார் 35 கிராம், இந்தக் கரைசலைப் போல மூன்று மடங்குக்கு மேல். மலாக்கைட் கிரீனும் தாமிரம் கலந்த மீன் மருந்துகளும் ஆக்சலாட்டலின் தோல் வழியே உள்ளே போய்க் கொன்றுவிடும்.

ஆக்சலாட்டல், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ள உயிரினம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தின்படியும் 2024-இல் வந்த விதிகளின்படியும், வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ரசீதை வாங்கி வையுங்கள்.

வளர்க்க முடியாமல் போனால், எங்கள் மன்றாட்டு இது: ஊருணியிலோ கண்மாயிலோ விட்டுவிடாதீர்கள். அந்தச் சூட்டில் அது பிழைக்காது. சாவதற்கு முன் தன்னிடமுள்ள பூஞ்சை நோயை நம் தவளைகளுக்குக் கொடுத்துவிடலாம். சில்லர் வைத்திருக்கும் ஒருவரிடம், குளிர்ந்த நீரோடு தெர்மாகோல் பெட்டியில் வைத்து, வெயில் இறங்கிய பிறகு கொண்டுபோய் ஒப்படையுங்கள்.

இப்படிக்கு,
நன்னீர்த் தொட்டி பராமரிப்போர் சிலர்,
மண்டபம்.