காற்று சரி, பிடிமானம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் டயருக்குள் வைக்கும் சென்சார் பற்றிய கட்டுரையைப் படித்தேன். காற்று குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரிவதை நன்றாகவே விளக்கியிருந்தார்கள். ஆனால் டயரை இனி காரே பார்த்துக்கொள்ளும் என்று முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

22 வருடமாக உளுந்தூர்ப்பேட்டை அருகே நெடுஞ்சாலையோரம் டயர் கடை வைத்திருக்கிறேன். போன ஐப்பசி மழையில், தண்ணீர் தேங்கிய இடத்தில் ஒரு கார் வழுக்கிக்கொண்டு போய் நடுத்திட்டில் மோதி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. நான்தான் போய்ப் பார்த்தேன். நான்கு சக்கரத்திலும் காற்று தேவையான அளவு, 33, இருந்தது. பின் டயர் இரண்டும் மொட்டை. ஓட்டி வந்த தம்பி, "விளக்கு எரியவே இல்லையே அண்ணே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விளக்கை நம்பச் சொல்லித்தானே கொடுத்திருக்கிறோம்?

வால்வோடு சேர்ந்து ரிம்மில் உட்கார்ந்திருக்கும் சென்சாருக்குக் காற்றழுத்தம் மட்டும்தான் தெரியும். டயர் ரோட்டைப் பிடிக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அதைப் பார்க்கும் சென்சார் வேறு. பட்டனுக்கு, அதாவது ரோட்டில் படியும் வெளிப்பகுதிக்கு, நேர் பின்னால், டயரின் உள்பக்கத்தில் அதை ஒட்டுவார்கள். வண்டி 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அந்தச் சின்ன வில்லை உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 250 மடங்கு. அந்த இடம் சுழன்று வந்து ரோட்டில் படிந்ததும், அது சட்டென்று பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ரோட்டை விட்டதும் மறுபடி ஏறும். இறங்கியிருந்த நேரத்தை வைத்து, டயர் எவ்வளவு நீளத்துக்கு ரோட்டில் படிந்தது என்று கணக்கிடலாம். மொத்தமே உள்ளங்கை அளவு இடம்தான். தண்ணீர் அடியில் புகுந்து டயரைத் தூக்க ஆரம்பித்தால், சென்சாரிலிருந்து வரும் சிக்னலின் வடிவமே மாறிவிடும்.

ஜப்பானின் ஹொக்கைடோவில் இதை நடைமுறைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். 2015-ல் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் அறிவித்த இந்த முறை, டயரிலிருந்து வரும் தகவலை வைத்து ரோட்டை 7 வகையாகப் பிரிக்கிறது: காய்ந்த ரோடு, அரை ஈரம், முழு ஈரம், கரைந்த பனி, புதுப்பனி, இறுகிய பனி, பனிக்கட்டி. எங்கே உறைபனித் தடுப்பு மருந்து தூவ வேண்டும் என்று நெடுஞ்சாலைப் பராமரிப்புக்காரர்கள் முடிவெடுக்க இது கைகொடுக்கிறது.

நமக்குப் பனி இல்லை, சரி. ஐப்பசி, கார்த்திகை மழை இருக்கிறதே! சுங்கச்சாவடி ரோந்து வண்டிகள் ராத்திரி பகலாக இதே சாலையில்தான் ஓடுகின்றன. அவற்றின் டயரில் இப்படிப்பட்ட சென்சாரைப் பொருத்தினால், எந்தக் கிலோமீட்டரில் தண்ணீர் நின்று டயர் மிதக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். வடிகாலைச் சரிசெய்ய இன்னொரு கார் நடுத்திட்டில் மோதும்வரை காத்திருக்க வேண்டாம். நெடுஞ்சாலைத் துறை இதை யோசிக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை எழுத வேண்டும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும். பட்டன் தேய்ந்து அதற்குச் சமமாகிவிட்டால், மீதி 1.6 மி.மீ.தான், டயரை மாற்றியே ஆக வேண்டும். அதையும் இரண்டு சென்சாருக்கும் உள்ள வித்தியாசத்தையும் படத்தோடு அடுத்த இதழில் போடுங்கள். கத்தரித்துக் கடைச் சுவரில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டயர் கடைக்காரர்,
உளுந்தூர்ப்பேட்டை.