எட்டு மணிக்கு எங்களை அறையில் அடைக்காதீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குக் குழுவாக ஆட்களை அழைத்துப் போகும் பயண நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நான் திருச்சிக்காரன். தொலைபேசித் துறையில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதத்தில், உங்களில் ஒருவர் நடத்திய 12 நாள் ஐரோப்பா டூரில் நானும் மனைவியும் போய்வந்தோம். யார் என்று சொல்லப்போவதில்லை. பெயர் சொல்லித் திட்டுகிற அளவுக்கு அவர்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, பெட்டி தொலையவில்லை, தயிர்சாதம்கூட இரண்டு நாள் கிடைத்தது. அப்புறம் போய்வந்த மற்றவர்களிடம் விசாரித்ததில், எல்லாருடைய பேக்கேஜும் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்ததுதான் என்று தெரிந்தது. அதனால்தான் இதை எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

குறை ஒன்றே ஒன்றுதான். 12 நாளில் எங்களுக்கு ஒரு சாயங்காலம்கூடக் கிடைக்கவில்லை.

தினமும் ஆறரைக்கு இந்தியன் ரெஸ்டாரன்ட். ஏழேகாலுக்கு பஸ். எட்டு மணிக்கு ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரமாக ஒரு ஹோட்டல். மே கடைசியில் அந்தப் பக்கம் சூரியன் மறையவே ஒன்பது, ஒன்பதரை ஆகிறது. அறை ஜன்னலைத் திறந்தால் நம்மூர் நாலு மணி மாதிரி வெளிச்சம். கீழே வரிசையாக லாரிகள். ஊருக்குள் போய்விட்டு வரலாம் என்றால் பஸ்ஸும் கிடையாது, ரயிலும் கிடையாது. மனைவி திரையை இழுத்து மூடிவிட்டு, "படுக்கச் சொல்லிட்டாங்கல்ல, படுங்க" என்றாள்.

டிசம்பரில் ஒரு வெளிநாட்டுக்காரர் சென்னைக்கு வருகிறார் என்று வையுங்கள். மெரினாவில் ஒரு போட்டோ, தி.நகரில் ஒரு பட்டுக்கடை, மகாபலிபுரத்தில் ஒன்றரை மணி நேரம். சாயங்காலம் ஆறரைக்குச் சோறு போட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஹோட்டலில் படுக்க வைத்துவிடுகிறீர்கள். அதே நேரத்தில் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் சபா சபாவாகக் கச்சேரி நடக்கிறது, கேன்டீனில் இலை போட்டுப் பரிமாறுகிறார்கள். அந்த மனிதர் ஊருக்குப் போய், "மெட்ராஸில் ஒன்றுமில்லை, கடைத்தெருதான்" என்று சொன்னால் நமக்குக் கோபம் வருமா வராதா? நான் திரும்பி வந்து ஐரோப்பாவைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பஸ் வெனிஸிலிருந்து ஆஸ்திரியா போகிற வழியில் வெரோனாவைத் தாண்டியது. டூர் மேனேஜர் மைக்கில் "ரோமியோ ஜூலியட் ஊர்" என்று ஒரு வரி சொன்னார். பஸ் நிற்கவில்லை. அடுத்து நின்ற இடம் இன்ஸ்ப்ரூக் பக்கத்தில் கிறிஸ்டல் கல் அருங்காட்சியகம். அதன் வாசல் கடையில் ஒரு மணி நேரம் நின்றோம்.

பின்னால் ஒரு ஜூலை மாதம், மூனிக்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது, அவள் எங்களை ரயிலேற்றி அதே வெரோனாவுக்குக் கூட்டிப்போனாள். ஊர் நடுவில் ரோமானியர் கட்டிய வட்ட அரங்கம், கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடத்துப் பழசு. அதற்குள் 1913-லிருந்து கோடைக்குக் கோடை ஓபரா, அதாவது பாடியே நடிக்கிற இசை நாடகம், நடக்கிறது. இசையமைப்பாளர் வெர்டி பிறந்து நூறு வருடம் ஆனதைக் கொண்டாட அந்த ஆகஸ்டில் அவருடைய ‘ஐடா’வை மேடையேற்றினார்கள், அதோடு நிற்காமல் விழாவாகிவிட்டது. உலகப் போர் நடந்த வருடங்கள் போலச் சில இடைவெளிகள் உண்டு, அவ்வளவுதான்.

நாங்கள் வாங்கியது மலிவான கற்படி டிக்கெட். ஒன்பது மணிக்கு மேல்தான் ஆரம்பம். பகல் முழுக்க வெயில் குடித்த கல், உட்கார்ந்தால் வேட்டியைத் தாண்டிச் சுட்டது. (ஆமாம், வேட்டிதான் கட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த ஜெர்மன் தம்பதி அதைத் தொட்டுப் பார்த்து எத்தனை மீட்டர் என்று கேட்டார்கள்.) இருட்டத் தொடங்கியதும் படிகளில் ஆளுக்கொரு சின்ன மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் பாட்டுப் புத்தகத்தைப் படிக்க வெளிச்சத்துக்காக ஏற்றியது, இப்போது வழக்கமாகிவிட்டதாம். திருவண்ணாமலையில் கார்த்திகை அன்று மாடவீதியில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேடையில் வேஷம் கட்டிய ஒரு பெண் வந்து பெரிய வட்டத் தட்டு மணியை அடித்தாள். பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்த இடம் கப்சிப்பென்று ஆனது.

இத்தாலிய மொழியில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. இரண்டாம் அங்கத்தில் படை ஜெயித்து வரும்போது நீள நீளமான ஊதுகுழல்கள் முழங்கின. மனைவி என் முழங்கையை இடித்து, "மல்லாரி மாதிரி இல்ல?" என்றாள். சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியேதான். ராகம் வேறு, வேலை ஒன்று. முடிய நள்ளிரவு தாண்டியது. வெளியே வந்தால் ஊர் தூங்கவில்லை. சதுக்கத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு நடந்தே அறைக்குப் போனோம். அந்த 12 நாளில் பார்த்த கோபுரங்களின் பெயர் இப்போது எனக்கு மாறிமாறி வருகிறது. இந்த ஒரு ராத்திரியில் எதுவும் மறக்கவில்லை.

சரி, மே மாதத்தில் நீங்கள் வெரோனாவில் நிறுத்தியிருந்தாலும் இது கிடைத்திருக்காது. விழா ஜூனில்தான் தொடங்குகிறது. அங்கேதான் உங்களிடம் முதல் கேள்வி. ஏன் மே?

பள்ளிக்கூட லீவு என்பீர்கள். எங்கள் பஸ்ஸில் 42 பேர்; பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் நாலு. மற்றவர்கள் எல்லாம் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்தவர்கள். எங்களுக்கு மே என்ன, ஆகஸ்ட் என்ன? அந்த ஊர்களின் சீசனோ நாம் திரும்பிய பிறகுதான் களைகட்டுகிறது. ஜூன் 21 அன்று பிரான்ஸ் முழுக்கத் தெருவெல்லாம் இலவசமாகப் பாட்டு. 1982-லிருந்து இது நடக்கிறது. (அன்றைக்கு பாரிஸில் குழுவை லா ஷப்பேல் பக்கம் இறக்கிவிட்டால் போதும். ஈழத்தமிழர் கடையில் தோசை சாப்பிட்டுவிட்டு, அவர்களே வழி கேட்டுப் போய்க்கொள்வார்கள்.) வியன்னாவில் ஜூலை, ஆகஸ்டில் நகர மன்றத்துக்கு எதிரே பெரிய திரை கட்டி ஓபராவும் கச்சேரியும் ராத்திரிதோறும் காட்டுகிறார்கள், காசு கிடையாது, சுற்றிலும் சாப்பாட்டுக் கடை. ஆஸ்திரியாவின் ஸால்ஸ்புர்க் இசை விழா ஜூலை நடுவுக்குப் பின் தொடங்கி ஆகஸ்ட் முடிய. ஸ்காட்லாந்தின் எடின்பரோ கலை விழா ஆகஸ்டில்.

லண்டனில் ஜூலை நடுவிலிருந்து எட்டு வாரம் ‘ப்ராம்ஸ்’ என்கிற கச்சேரி விழா நடக்கிறது. 1895-ல் தொடங்கியது, இப்போது ராயல் ஆல்பர்ட் ஹாலில். மேடைக்கு நேர் முன்னால் இருக்கிற இடத்தில் நாற்காலி போடமாட்டார்கள். நின்று கேட்கிறவர்களுக்கான இடம் அது. டிக்கெட்டும் அதுதான் மலிவு. தேர்முட்டியில் நின்று நாதஸ்வரம் கேட்ட ஊர்க்காரர்கள் நாம். இரண்டு மணி நேரம் நிற்கமாட்டோமா?

ஓவியத்துக்கு வந்தால், மே மாதம் என்கிற சாக்கும் உங்களுக்கு இல்லை. வெனிஸ் பியனாலே என்கிற பெரிய கலைக் கண்காட்சி ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ திறந்து நவம்பர் வரை நடக்கிறது. இப்போது இரட்டைப்படை வருடத்தில் கலை, ஒற்றைப்படை வருடத்தில் கட்டடக்கலை. எங்களைப் படகிலிருந்து இறக்கிவிட்ட இடத்திலிருந்து அது நடக்கிற ஜியார்தினி தோட்டம் கால் மணி நேர நடை. நாடு நாடாகத் தனித்தனிக் கட்டடம் கட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் அந்தத் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புறாவோடு போட்டோ எடுத்து, கண்ணாடி ஊதுகிற கூடத்துக்குப் போய், மூன்று மணி நேரத்தில் படகேறிவிட்டோம். இன்னொன்று, 2024-லிருந்து வெனிஸில் வழிகாட்டியோடு போகிற குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்று விதி வந்துவிட்டது. எப்படியும் குழுவை இரண்டாகப் பிரிக்கத்தான் போகிறீர்கள். ஒரு பாதியைக் கண்ணாடிக்கும், விருப்பப்பட்ட மறுபாதியைப் பியனாலேவுக்கும் அனுப்பினால் என்ன? திங்கட்கிழமையாக மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அன்று மூடியிருக்கும்.

லண்டன் போகிற குழுக்களை பிக்காடில்லி சர்க்கஸில் போட்டோவுக்கு இறக்குகிறீர்கள் இல்லையா? அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் ராயல் அகாடமி என்கிற கலைக் கழகம். அதன் கோடைக் கண்காட்சி 1769-லிருந்து ஒரு வருடம்கூட விடாமல் நடக்கிறது. பெரிய ஓவியர், தெருக்கோடி ஓவியர் என்றில்லை. யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம், தேர்வானால் சுவரில் ஏறும். சுவரும் நம்மூர் பூஜை அறை மாதிரிதான், கீழிருந்து மேல் வரை இடைவெளி இல்லாமல் படம். 1832 கண்காட்சியில் கான்ஸ்டபிள், டர்னர் என்ற இரண்டு பெரிய ஓவியர்களின் படங்கள் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருந்தன. கான்ஸ்டபிள் தன் படத்துக்குச் சிவப்பை மேலே மேலே தீட்டிக்கொண்டிருக்கிறார். டர்னர் வந்து பார்க்கிறார். தன்னுடைய சாம்பல் நிறக் கடலில் காசளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார். அத்தனை சிவப்பும் அந்த ஒரு பொட்டுக்கு முன்னால் மங்கிப்போனது. பிறகு வந்து அந்தப் பொட்டை மிதவையாக மாற்றினாராம். டூர் மேனேஜர் மைக்கில் சொல்ல இதைவிட நல்ல கதை வேண்டுமா?

"நம்ம ஜனங்களுக்கு அந்த சங்கீதம் புரியாது சார்" என்று உங்களில் ஒருவர் என்னிடமே சொன்னார். டிசம்பர் சீசனில் பாதிப்பேருக்குக் கரகரப்ரியா எது, நடபைரவி எது என்று தெரியாது. வந்து உட்காருகிறார்கள், தலையாட்டுகிறார்கள், அடை அவியல் சாப்பிடுகிறார்கள். 1963-ல் எடின்பரோ விழாவில் எம்.எஸ். பாடினார், பாலசரஸ்வதி ஆடினார். கேட்ட ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு என்ன புரிந்திருக்கும்? இரண்டு வருடம் கழித்து எங்கள் ஊருக்குப் பக்கத்து லால்குடியிலிருந்து ஜெயராமன் போய் வாசித்தார். கேட்டு அசந்துபோன உலகப் புகழ் வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹின் தன் இத்தாலிய வயலினையே அவருக்குக் கொடுத்தார். அவர்கள் நம்மைக் கேட்டார்கள். நாம் அவர்களைக் கேட்கப் போனால் மட்டும் புரியாதா?

டிரைவர் விஷயம் நியாயமான விஷயம். ஐரோப்பாவில் டிரைவர் ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், அதன்பின் 11 மணி நேர ஓய்வு, சிறு சலுகைகள் தவிர. ராத்திரி ஒரு மணிக்கு அவரை எழுப்பமுடியாது, எழுப்பவும் கூடாது. ஆனால் ஹோட்டல் ஊருக்குள்ளேயே இருந்தால் பஸ் எதற்கு? நடந்தே வந்துவிடுவோமே. செலவு கூடும் என்பீர்கள். பாரிஸில் கேபரே நடனத்துக்கு ஆப்ஷனல் என்று தலைக்கு நூறு யூரோவுக்கு மேல் வசூலித்தீர்கள். பஸ்ஸில் பாதிப்பேர் கொடுத்தோம், கொடுத்துவிட்டு நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். கற்படி டிக்கெட் அதில் பாதிகூட வராது.

முடியாதவர்கள் உண்டு, முட்டிவலிக்காரர்கள் உண்டு. அவர்களை அறைக்கு அனுப்புங்கள். எல்லாரையும் அனுப்பாதீர்கள்.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. வருடத்துக்கு ஒரே ஒரு குழுவையாவது ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ கிளப்புங்கள். விசாவுக்கு எப்படியும் மாதக்கணக்கில் முன்கூட்டித் திட்டம் போடுகிறீர்கள். விழாக்களும் அதற்குள் நிகழ்ச்சி நிரலை வெளியிட்டுவிடுகின்றன. அந்தக் குழுவுக்கு ஒரே ஓர் ஊரில் இரண்டு ராத்திரி, ஊர் நடுவில் தங்கல். அதில் ஒரு சாயங்காலத்துக்கு எதுவும் போடாமல் விடுங்கள். சாப்பாட்டைப் பொட்டலமாகக் கொடுத்துவிட்டாலும் சரி. புளியோதரை என்றால் மெத்தச் சரி. மழை வந்து ஆட்டம் நின்றுபோனால் பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டோம். வெரோனாவிலேயே அப்படித்தான், ஆரம்பித்த பிறகு மழை கலைத்தால் காசு திரும்பாது.

அப்படி ஒரு பஸ் கிளம்பினால் இரண்டு சீட்டுக்கு இப்போதே முன்பணம் கட்டத் தயார். ஜன்னலோரம் வேண்டாம், கடைசி வரிசை என்றாலும் பரவாயில்லை. மனைவி மட்டும் ஒரு நிபந்தனை போடுகிறாள்: கற்படிக்கு மெத்தை நீங்கள்தான் கொடுக்கவேண்டும். அங்கே அதற்கு வாடகை வாங்கிவிட்டார்கள் என்கிற கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு பழைய பயணி