காயம் நிஜமானால் அரங்கிலும் சொல்லுங்கள்

ரெஸ்லிங் காட்சிகளை நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற காட்சியில் நடந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. மேல்கயிற்றிலிருந்து பாய்ந்த வீரர் கழுத்து மடங்க விழுந்தார். நடுவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்ததும் இரு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறிபோலக் காட்டினார். காயம் நிஜம், மருத்துவரை அனுப்புங்கள் என்று அதற்குப் பொருள். அரங்கில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

நெடுநாள் ரசிகர்கள் நாங்கள் வாயடைத்துப் போனோம். முன்வரிசை இளைஞர்கள் "நடிப்பு, நடிப்பு" என்று கைதட்டிக் கோஷமிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வலியை நடித்துக் காட்டுவதும் அதைக் கேலி செய்வதும் இந்த ஆட்டத்தில் சேர்ந்தவைதான். எல்லாவற்றையும் அப்படியே நம்புகிற சிறுமி ஒருத்தி என் பக்கத்தில் இருந்தாள். அதுவரை வில்லனைத் திட்டிக்கொண்டிருந்தவள், "எழுந்துவிடுவார் இல்லையா அப்பா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்களோ அடுத்த வீரருக்கான இசையை ஒலிக்கவிட்டீர்கள்.

மைக்கில் ஒரு வரி சொல்லுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

1999 மே 23 அன்று கான்சாஸ் சிட்டி அரங்கின் கூரைப் பகுதியிலிருந்து இறங்கும்போது ரெஸ்லிங் வீரர் ஓவன் ஹார்ட் விழுந்து இறந்தார். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அன்றிரவே செய்தி சொல்லப்பட்டது. அரங்கில் இருந்தவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்கள் முன்னால் காட்சி தொடர்ந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதே வழக்கம்தானா?

தொழில் ரகசியம் என்பீர்கள். இது உண்மையான போட்டியல்ல, பொழுதுபோக்கு என்று 1989-இலேயே அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலச் சட்டமன்றத்திடம் ஒப்புக்கொண்டாயிற்று. யார் ஜெயிப்பார் என்பதை மறைத்து வையுங்கள். எங்களுக்கும் அதுதான் பிடிக்கும். ஒருவர் உயிருக்குப் போராடுகிறாரா என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

எங்கள் கூச்சல் மட்டும் உங்களுக்கு வேண்டும். வீரர் டேனியல் பிரையனுக்காக ரசிகர்கள் விடாமல் எழுப்பிய குரல், ரெஸில்மேனியா என்ற ஆண்டுப் பெருங்காட்சியில் 2014-இல் அந்த இரவின் முக்கியமான கடைசிச் சண்டை வரை அவரைக் கொண்டுபோனது. கதையையே மாற்றும் உரிமை உள்ளவர்களுக்கு உண்மையைக் கேட்கும் உரிமை கிடையாதா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருளுங்கள். நடுவர் அந்தச் சைகையைக் காட்டியதும் இசையை நிறுத்தி, "இது ஆட்டத்தின் பகுதி அல்ல, மருத்துவர்கள் வந்துவிட்டார்கள்" என்று மைக்கில் அறிவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அன்று விழுந்த வீரரின் நிலை இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவர் குடும்பம் சம்மதித்தால் அதையும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்