உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த மூன்று ஆண்டுகள்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ ரொறன்ரோவிலிருந்து பேசிக்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு இசைக் குழுவின் நிகழ்ச்சிக்குப் போக விடும்படி உன் மூத்தவள் பின்னால் நின்று கெஞ்சியதும், "உன் வயதில் நான் கேட்டபோது தாத்தா என்னை வாசலைத் தாண்டவே விடவில்லை" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னதும் எனக்குத் தெளிவாகக் கேட்டன. நீ அதைக் குறையாகச் சொல்லவில்லை என்பதை அறிவேன். இருந்தாலும் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. தொலைபேசியில் இதையெல்லாம் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

1998ஆம் ஆண்டு உனக்கு 16 வயது. பிரிக்ஸ்ரன் அக்கடமி அரங்கில் நடக்கவிருந்த ஓர் இசை நிகழ்ச்சிக்கு, சனிக்கிழமை வேலையில் சேர்த்த காசைக் கையில் வைத்துக்கொண்டு, உன் தோழிகள் மூவருடன் போகலாமா என்று கேட்டாய். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "அந்தக் கூட்டமெல்லாம் எங்களுக்குச் சரிவராது" என்றேன். நீ மறுபேச்சுப் பேசாமல் மாடிக்குப் போனாய். அதே மாதிரியான கூட்டத்துக்குள் மூன்று ஆண்டுகள் நின்று, மிதிபட்டு, பாடி, தொண்டை கட்டி வீடு திரும்பியவன் நான் என்பதை அன்று நான் உனக்குச் சொல்லவில்லை. உன் அம்மாவுக்கே அரைகுறையாகத்தான் தெரியும்.

நான் 1975 புரட்டாதியில் கணக்கியல் படிக்க லண்டன் வந்தேன். ஈஸ்ற் ஹாமில் ஒரு சிறிய அறை, பகலில் வகுப்பு, இரவில் பார்க்கிங் வீதியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. அந்நாட்களில் நாஷனல் பிரண்ட் என்ற கட்சி எங்களைப் போன்றவர்களை நாட்டைவிட்டே அனுப்பவேண்டும் என்று தெருத்தெருவாகப் பிரசாரம் செய்துகொண்டிருந்தது. அதன் சுலோகங்களை எங்கள் தெருமுனைச் சுவரில் படித்துக்கொண்டுதான் நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனேன். ஒருநாள் இரவு பெற்றோல் அடித்து முடித்து மீதிக் காசை நீட்டியபோது, காருக்குள் இருந்த ஓர் இளைஞன் கண்ணாடியை இறக்கி என் முகத்தில் துப்பிவிட்டுப் போனான். நான் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கணக்கை எழுதினேன். அந்த மீதிக் காசு 40 பென்ஸ் என்பது இன்றும் நினைவிலிருக்கிறது. ஊருக்கு எழுதிய கடிதங்களில் இதை நான் எழுதவில்லை.

அதே நிலையத்தில் பகல் வேலை செய்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன், கனிங் ரவுனைச் சேர்ந்தவன், தன் நண்பனுக்குச் சுகமில்லை, ஒரு ரிக்கெற் வீணாகப் போகிறது, வா என்று என்னை அழைத்தான். அது 1977 மே 9, திங்கட்கிழமை. இடம் பின்ஸ்பரி பார்க்கில் இருந்த ரெயின்போ அரங்கம். பாடியது த கிளாஷ் என்ற பங்க் றொக் குழு. அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவந்து ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. பங்க் றொக் என்ற அந்த முரட்டு வேக இசையின் பெயரை நான் பத்திரிகைகளில், அதுவும் வசவுகளுக்கு நடுவில்தான் பார்த்திருந்தேன்.

ரெயின்போ 1930இல் திரையரங்காகக் கட்டப்பட்ட மண்டபம். வாசலைத் தாண்டியதும் நடுவில் ஒரு நீரூற்று. உள்ளே மேடையைச் சுற்றிப் பழைய ஸ்பானியக் கிராமம் போன்ற சுவர்கள். தலைக்கு மேலே நட்சத்திரங்கள் மின்னும் நீல வானம். அந்த மண்டபத்துக்குள் கிழித்த சட்டையும் ஊக்குமாக ஏறத்தாழ மூவாயிரம் இளைஞர்கள். விளக்கு அணைந்து முதல் கிற்றார் ஒலி எழுந்ததும் அது காதில் விழவில்லை, நெஞ்செலும்பில் விழுந்தது. அடுத்த கணம் முன்வரிசைக் கதிரைகள் முறியத் தொடங்கின. இருக்கையில் அமர்ந்து கேட்கும் இசையன்று அது என்பதை மண்டபக்காரர்கள் அறிந்திருக்கவில்லை. முறிந்த கதிரைகள் தலைக்கு மேலால் கைமாறி மேடையோரத்தில் குவிந்தன. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது, அதை மறைக்க விரும்பவில்லை.

அதைவிட என்னை நிலைகுலைய வைத்தது எச்சில். கூட்டத்திலிருந்து மேடையை நோக்கி எச்சில் பறந்தது. விளக்கொளியில் அது துல்லியமாகத் தெரிந்தது. பாடகர் ஜோ ஸ்ட்ரமரின் சட்டையிலும் கிற்றாரிலும் வழிந்தது. என் உடம்பு தானாகவே சுருங்கியது. பார்க்கிங் வீதியின் அந்த இரவு முகத்தில் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. கூட்டாளி என் காதுக்குள் கத்தினான்: "பிடித்திருந்தால்தான் துப்புவார்கள்!" அந்த வழக்கத்தை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை, பாடியவர்களிலும் பெரும்பாலானோர் அதை வெறுத்தார்கள். ஆனால் அந்த மனிதர் இடது காலைத் தையல் மெஷின் மிதிப்பவர்போல் விடாமல் உதறிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி, ஒரு சொல்லையும் விடாமல் பாடிக்கொண்டேயிருந்தார். நான் தலை குனிந்து துடைத்ததை அவர் துடைக்கவேயில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குள் எதுவோ நிமிர்ந்தது, மகள். அதை இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இடையில் அவர்கள் யமேக்காவின் ஜூனியர் மர்வின் பாடிய ஒரு றேகே பாட்டைத் தங்கள் முறையில் பாடினார்கள். அந்தப் பாட்டு முடிந்து வேகம் கூடியபோதுதான் நான் கால் தடுக்கி விழுந்தேன். மாவிட்டபுரத்தில் தேர் வடம் பிடித்த கூட்டத்தில் சின்ன வயதில் ஒருமுறை விழுந்திருக்கிறேன். அப்போது எத்தனை கைகள் என்னைத் தூக்கினவோ அத்தனை கைகள் அன்றும் வந்தன. இரும்புச் சங்கிலியைக் கழுத்தில் மாட்டியிருந்த ஒருவன் என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, என் மூக்குக்கண்ணாடியைத் தரையில் தேடி எடுத்து, தன் சட்டையில் துடைத்து என் முகத்தில் மாட்டிவிட்டுத் திரும்பவும் குதிக்கத் தொடங்கினான். என் இடதுகால் சப்பாத்து மட்டும் கிடைக்கவில்லை. ஒற்றைச் சப்பாத்துடன் ஈஸ்ற் ஹாம் வரை வந்தேன். வந்து சேர்ந்து ஒன்றரை ஆண்டுகளில், முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரன் என்னை அன்போடு தொட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு கையில் காசு இருந்த வாரங்களிலெல்லாம் போனேன். எல்லாவற்றையும் எழுதினால் தாள் போதாது. பல குழுக்கள் நினைவில் நிற்கவுமில்லை, நிற்கத் தக்கவையாக இருக்கவுமில்லை. ஆனால் 1977 கடைசியில் இஸ்லிங்ரனில் ஹோப் அன்ட் அங்கர் என்ற மதுச்சாலையின் நிலவறையில் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவைப் பார்த்த இரவைச் சொல்லியாகவேண்டும். கூரை கைக்கெட்டும் உயரம். மூச்சும் வியர்வையும் அதில் பட்டுத் துளியாக எங்கள்மேல் சொட்டின. பாடகி பொலி ஸ்டைரீனுக்கு 20 வயது. தகப்பன் சோமாலியர், தாய் வெள்ளைக்காரி. எங்கள் நிறத்துக்கு நெருங்கிய நிறம், சுருள் முடி, பல்லில் கம்பி, கண்ணைக் குத்தும் நிறத்தில் சட்டை. அந்தக் கம்பி தெரிய வாயைத் திறந்து அவர் பாடியபோது நிலவறைச் சுவர் அதிர்ந்தது. கூடவே ஒரு சாக்சபோன். திருவிழா இரவில் வெளிவீதியில் நாதஸ்வரம் எப்படிக் கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகுமோ அப்படி அது கிற்றார்களின் மேலால் போயிற்று. இணுவிலிலும் அளவெட்டியிலும் தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த இசை அந்நியமாகப் படவில்லை என்று நான் சொன்னால், நம் உறவினர்கள் கோபிப்பார்கள். ஆனாலும் அது உண்மை. அழகாக இருக்கவேண்டும், அடக்கமாக இருக்கவேண்டும் என்ற எதையும் பொருட்படுத்தாமல் ஒரு பெண் அப்படிப் பாடுவதை நான் அதற்குமுன் கண்டதில்லை. த கிளாஷுடன் அந்த ஆண்டு சுற்றுப்பயணம் போன த ஸ்லிட்ஸ் என்ற பெண்கள் குழுவின் பாடகிக்கு அப்போது 15 வயது. இதையெல்லாம் கண்ணால் பார்த்த ஒருவன், பின்னாளில் 16 வயது மகளிடம் சரிவராது என்று சொன்னதுதான் எனக்கு இன்றுவரை ஆறாமல் இருக்கிறது.

அந்த 1977 ஆவணியில் இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. இங்கே லூயிஷத்தில் நாஷனல் பிரண்டின் ஊர்வலத்தை மக்கள் திரண்டு மறித்தார்கள். ஊரில் தமிழர்மேல் கலவரம் வெடித்தது. மாமா எழுதிய வான்கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. அந்த மூன்று வாரமும் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாமல் நான் பெற்றோல் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கும் துரத்துகிறார்கள், இங்கும் துரத்தப் பார்க்கிறார்கள் என்றால் மனிதன் எங்கே காலை ஊன்றுவது?

அதற்கு முந்திய ஆண்டு எரிக் கிளப்டன் பேர்மிங்ஹாம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியதைக் கண்டித்துத்தான் 'இனவாதத்துக்கு எதிராக றொக்' என்ற இயக்கம் தோன்றியது. அந்த இயக்கமும் நாஸி எதிர்ப்பு லீக்கும் சேர்ந்து 1978 ஏப்ரல் 30இல் டிரபல்கார் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டனின் விக்ரோறியா பூங்கா வரை பெரும் ஊர்வலம் நடத்தின. நானும் நடந்தேன். எங்களைக் கண்டால் ஏசும் தெருக்கள் வழியாகவே பாட்டும் விசிலுமாகப் பல்லாயிரம் பேர் போனோம். பூங்காவில் 80,000 பேர் கூடியதாகச் சொன்னார்கள். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், பேர்மிங்ஹாமின் ஹான்ட்ஸ்வேர்த் பகுதியைச் சேர்ந்த கறுப்பின றேகே குழுவான ஸ்டீல் பல்ஸ், த கிளாஷ், டொம் றொபின்சன் குழு எல்லோரும் அன்று பாடினார்கள். நான் நின்ற இடத்துக்கு ஒலி காற்றோடு வந்தும் போயுமாக இருந்தது. த கிளாஷின் கடைசிப் பாட்டுக்கு ஷாம் 69 குழுவின் ஜிம்மி பேர்சி மேடையேறினார். அவருடைய ரசிகர்களில் மொட்டையடித்த நாஷனல் பிரண்ட் ஆட்கள் பலர் இருந்தார்கள் என்பதால், அவர் அங்கே ஏறியதன் பெறுமதி எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. நான் பக்கத்தில் நின்றவர்களின் தோளில் கைபோட்டுக்கொண்டு, சொல் தெரியாத இடங்களில் வெறும் சத்தமாகப் பாடினேன்.

பாட்டு எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று நான் உனக்குக் கதை சொல்ல வரவில்லை. அது முடிந்து நாலாம் நாள், மே 4, வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அல்தாப் அலி என்ற வங்காளத் தையல் தொழிலாளியை வைற்சப்பலில் இனவெறியர் குத்திக் கொன்றார்கள். பத்து நாள் கழித்து அவருடைய சவப்பெட்டியின் பின்னால் டவுனிங் வீதிக்கு ஆயிரக்கணக்கானோர் மழையென்றும் பாராமல் நடந்தபோது நானும் போனேன்; அந்தப் பூங்காவுக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்த ஊர்வலத்துக்குப் போகும் துணிவு எனக்கு வந்திருக்காது. அடுத்த ஆண்டு சித்திரையில் சவுத்ஹோலில் நாஷனல் பிரண்டுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் பிளெயர் பீச் என்ற ஆசிரியர் பொலிஸ் அடியில் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அவர்களின் வழக்குச் செலவுக்காக 1979 ஜூலையில் அதே ரெயின்போவில் நடந்த நிகழ்ச்சியில்தான் த கிளாஷை நான் கடைசியாகப் பார்த்தேன். அந்தத் தடவை நான் விழவில்லை. விழுந்த ஒரு சிறுபெண்ணைத் தூக்கிவிட்டேன்.

பிறகு சோதனை, வேலை, கலியாணம், நீ. ஊரில் 1983 கலவரம் வந்தது, வீட்டில் எப்போதும் ஊரிலிருந்து வந்த நாலைந்து பேர் தங்கியிருந்தார்கள், இசைத்தட்டுகள் பெட்டியில் கட்டப்பட்டுப் பரணுக்குப் போயின. நான் அவற்றை வெறுக்கவில்லை. ஆனால் உனக்கு நான் கொடுக்க விரும்பியது, எச்சில் படாத ஒரு வாழ்க்கையை. பிள்ளையைக் கூட்டத்திலிருந்து விலக்கி வைத்தால் அது நடந்துவிடும் என்று நினைத்தேன். என்னைத் தூக்கி நிறுத்தியதும் ஒரு கூட்டந்தான் என்பதை அந்த நினைப்பில் மறந்துபோனேன். 1998இல் நான் சொன்ன சொல் பிழை. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

உன் மகள் விடயத்தில் முடிவு உன்னுடையது, நான் தலையிடமாட்டேன். போவாளாயின், காதுக்குள் வைக்கும் அடைப்பான்களை வாங்கிக் கொடு. என் இடது காது அந்த நாட்களிலிருந்தே மந்தம். கயிறு கட்டும் சப்பாத்தைப் போட்டு, இரட்டை முடிச்சாகக் கட்டச் சொல்.

நேற்றுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். இசைத்தட்டுகளில் இரண்டு வளைந்துவிட்டன. மற்றவை நன்றாக இருக்கின்றன. ரெயின்போ ரிக்கெற்றின் பாதியும், விக்ரோறியா பூங்காவில் வாங்கிய வட்டச் சின்னமும் அடியில் கிடந்தன. சின்னத்தின் ஊக்கு துருப்பிடித்திருக்கிறது. பழைய சுழல்தட்டுக்கு ஊசி வாங்கி மாட்டிவிட்டேன். ஆடியில் நீங்கள் வரும்போது அம்மா கோயிலுக்குப் போகும் நேரமாகப் பார்த்து வைப்போம். சத்தத்தைக் குறைத்துக் கேட்கும் பாட்டுகள் அல்ல அவை.

அன்புடன்,
அப்பா