திருப்பூர் பின்னலாடை நிறுவன உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு, வணக்கம்.

பனியன் கம்பெனிகளில் டெய்லராகச் சேர்ந்து, பின்னர் லைன் சூப்பர்வைசராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்து உங்கள் மெஷின்களில் அமர்ந்திருப்பவர்களிடம் நாம் பேசும் முறையை நீங்கள் ஒரு நாளாவது நேரில் நின்று கவனிக்க வேண்டும்.

வடக்கிலிருந்து வந்தவர் என்றாலே அவர் இந்திக்காரர் என்று முடிவு செய்துவிடுகிறோம். ஒடிசாவின் மயூர்பஞ்சிலிருந்து வரும் ஒரு பெண் வீட்டில் சந்தாலியும் பள்ளியில் ஒடியாவும் பேசி வளர்ந்தவளாக இருக்கலாம். இந்தி அவளுக்கும், நம்மைப் போலவே, காதில் விழுந்து மட்டும் பழகிய மொழிதான். சந்தாலிக்கு ஒல் சிக்கி என்ற தனி எழுத்து உண்டு. 2003ஆம் ஆண்டின் திருத்தத்தால் அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்ற மொழி அது. நாமோ பாதுகாப்புக் குறிப்புகளை இந்தியில் எழுதி மாட்டியதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஓவர்லாக் மெஷினில் இருந்த பெண் ஒருத்தி, தலை சுற்றுவதாகச் சைகை காட்டி, 'டாக்டர், கல்' என்றாள். நேற்றே மருத்துவரைப் பார்த்துவிட்டாள் என்று எண்ணி அவளை ஓவர்டைமுக்கு நிறுத்தினேன். இரவு மெஷின் மீதே சாய்ந்துவிட்டாள். இந்தியில் அந்த ஒரே சொல் நேற்றையும் நாளையையும் குறிக்கும் என்பதும், உடன் வரும் வினைச்சொல்லைக் கொண்டே எது என்று அறிய வேண்டும் என்பதும் அரைகுறையாக இந்தி பழகிய எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. 'புரிந்ததா?' என்று நான் கேட்டபோது அவள் தலையாட்டினாள். புரியவில்லை என்றால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுபவள் வேறென்ன செய்வாள்?

ஆகவே அந்தக் கேள்வியையே விட்டுவிடும்படி சூப்பர்வைசர்களுக்குச் சொல்லுங்கள். ஒரு பீஸைத் தைத்துக் காட்டச் சொன்னால், புரிந்ததும் புரியாததும் அங்கேயே தெரிந்துவிடும். வயதில் மூத்தவர்களையும் 'டேய்' என்று கூப்பிடுவது நின்றாக வேண்டும். மொழி தெரியாதவருக்கும் குரலில் உள்ள அவமதிப்பு தெரியும்.

மொழிபெயர்க்கும் பொறுப்பைக் கான்ட்ராக்டரின் ஆளிடம் விடாதீர்கள். குறை அவரைப் பற்றியதாகவே இருந்தால் அது உங்களிடம் வந்து சேராது. தொழிலாளர்களிலேயே ஒடியாவோ சந்தாலியோ பேசும் பெண்களைத் தேர்ந்து, அந்த வேலைக்குத் தனி ஊதியம் கொடுங்கள். பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம், புகாரை எழுதித் தர இயலாதவருக்கு, நிறுவனத்துக்குள் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு உதவ வேண்டும் என்கிறது. குழுவில் ஒருவருக்கும் அவள் மொழி தெரியாவிட்டால் அந்த உதவியை யார் செய்வது?

தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பொய்க் காணொளிகள் பரவியபோது, அவர்களில் பலர் அஞ்சி ஊருக்குக் கிளம்பினார்கள். அரசு உதவி எண்களை அறிவித்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவும் வந்தது. 'இது உண்மையா?' என்று நம்பிக் கேட்பதற்குத் தொழிற்கூடத்துக்குள்ளேயே ஒருவர் இருந்திருந்தால், அவர்களில் சிலராவது நின்றிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தீபாவளி முடிந்து ஆறாம் நாளில் பீகாரின் பெரிய பண்டிகையான சத் பூஜை வருகிறது. இந்த ஆண்டு விடுமுறைப் பட்டியலை எழுதுவதற்கு முன், அவர்களையும் அழைத்து உட்காரவைத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் லைன் சூப்பர்வைசர் ஒருவர்