இரண்டாவது மாதமே சொல்ல முடிகிற கடை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்கள் நெயில் ஆர்ட் கற்றுக்கொண்டு வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று உங்கள் மகளிர் இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். என்னென்ன வாங்க வேண்டும், ஒரு செட்டுக்கு எவ்வளவு கேட்கலாம் என்பதெல்லாம் சரியாகவே இருந்தது. நான் சேலத்தில் 6 வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். கட்டுரையில் விட்டுப்போன ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தக் கடிதம். இந்த வேலைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கல்யாண வயதுப் பெண்கள் அல்லது புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். குழந்தை உண்டானால் மேசையில் எப்படி வேலை செய்வது என்று நான் படித்த பயிற்சி வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை.

போன வருடம் நான் முழுகாமல் இருந்தபோது வேலை செய்த கடை ஐந்து ரோடு பக்கம், முதல் மாடியில் இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, கண்ணாடிக் கதவு, ஸ்பிளிட் ஏசி. ஜன்னல் கிடையாது. ஏசி ஓடினால் காற்று மாறிக்கொண்டே இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது அறைக்குள் இருக்கிற காற்றையே இழுத்து, குளிர வைத்து, திரும்ப விடுகிறது. மூன்று மேசையிலும் அக்ரிலிக், அதாவது பொடியையும் திரவத்தையும் கலந்து செயற்கை நகம் போடுகிற வேலை, நடந்தால் அந்த நெடி சாயங்காலம் வரை அங்கேயே நிற்கும். ட்ரில் வைத்து நகத்தை ராவும்போது பறக்கிற தூள், சுடிதார் மடிப்பில் கோலமாவு மாதிரி படிந்திருக்கும்.

எட்டாவது வாரத்தில் தலைசுற்றலும் வாந்தியும் ஆரம்பித்தன. மசக்கை என்றார் மாமியார். அது பாதி உண்மைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டுதலுக்காக ஏற்காட்டில் சேர்வராயன் கோயிலுக்குப் பஸ்ஸில் போனோம். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பக்கத்து சீட்டுக்காரர்கள் பாலித்தீன் பையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் கடைக்குள் நுழைந்து அரைமணி நேரத்தில் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. பிரச்சினை என் வயிற்றில் மட்டும் இல்லை, அந்த அறையிலும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

முதல் செக்கப்பில் என்ன வேலை என்று கேட்ட நர்சிடம் 'பார்லர்' என்றேன், அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த தடவை மேசையில் இருந்த பாட்டில்களின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அக்ரிலிக் திரவத்தில் எத்தில் மெத்தாக்ரிலேட். ரிமூவரில் அசிட்டோன். பாலிஷ் தின்னரில் டொலுயீன். போதைக்காக டொலுயீனை முகர்ந்த தாய்மாரின் குழந்தைகள் எடை குறைந்தும் வளர்ச்சி குறைந்தும் பிறந்திருக்கிறார்கள்; கடையில் மூச்சோடு போவது அதைவிட மிகக் குறைவு, அதனால் பயந்து அழாதே, ஆனால் குறைக்க முடிகிறதை எல்லாம் குறைத்துவிடு என்றார். முக்கியமாக முதல் மூன்று மாதம், குழந்தையின் உறுப்புகள் உருவாகிற காலம். வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். எங்கள் வீட்டு வாடகை என் சம்பளத்தில்தான் போகிறது.

ஒரு பாட்டிலில் லேபிளே இல்லை. மலிவாக மொத்தத்தில் வாங்கி ஊற்றி வைத்தது. அதில் போட்ட நகம் கல் மாதிரி இருக்கும், அசிட்டோனில் அரைமணி ஊறினாலும் லேசில் கழன்று வராது, நெடியில் தலை வெடிக்கும். மெத்தில் மெத்தாக்ரிலேட் (முன்னால் சொன்ன எத்தில் வேறு, இது வேறு) கலந்த திரவத்தின் அடையாளங்கள் இவைதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதை வைத்துச் செய்த நகப் பொருட்கள் மீது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1970-களிலேயே நடவடிக்கை எடுத்திருக்கிறது. ஜெல் மட்டும் போடுகிறவர்களும் லேபிளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். லேம்ப் வெளிச்சத்தில் ஜெல் இறுகுவதற்குச் சேர்க்கிற டி.பி.ஓ. என்ற பொருள் இனப்பெருக்கத்துக்குக் கெடுதல் என்று வகைப்படுத்தப்பட்டு, 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனப் பொருட்களில் தடை செய்யப்பட்டுவிட்டது.

இவ்வளவு தெரிந்த பிறகும் நான் கடையில் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். என் சம்பளம் 11,000 ரூபாய். மீதி எல்லாம் செட்டுக்கு இவ்வளவு என்று வருகிற இன்சென்டிவ். அக்ரிலிக் போடவில்லை என்றால் அது இல்லை. கர்ப்பம் என்று தெரிந்தால் 'குழந்தை பெற்று, நிதானமாக வாம்மா' என்று அனுப்பிவிடுவார்கள். எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்த பெண்ணுக்கு அதுதான் நடந்தது. அதனால் துப்பட்டாவை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஐந்தாவது மாதம் வரை ஓட்டினேன். எந்த மூன்று மாதம் முக்கியம் என்று டாக்டர் சொன்னாரோ, அந்த மூன்று மாதமும் ஜன்னல் இல்லாத அறையில்தான் போயிற்று. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி வேண்டுமானால் 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். செய்தேன், பிக்மி எண் என்கிற பதிவு எண்ணும் வந்துவிட்டது. அரசாங்கத்துக்குத் தெரியும், எங்கள் பகுதி செவிலியருக்குத் தெரியும். தினமும் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிற கடைக்கு மட்டும் தெரியாது.

சம்பளத்தோடு 26 வார மகப்பேறு விடுப்பு, மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்தது. ஆனால் 10 பேராவது வேலை செய்கிற கடைக்குத்தான் அது பொருந்தும். நாங்கள் நான்கு பேர்.

என் அம்மா சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கே வயிற்றுப்பிள்ளைக்காரி என்று தெரிந்துவிட்டால் ஆசிட்டில் போட்டு எடுக்கிற பக்கமே விடமாட்டார்களாம். சலங்கை கோர்க்கிற இடத்தில் உட்கார வைத்துவிடுவார்களாம். யாரும் சட்டம் பார்த்துச் செய்ததில்லை. பட்டறைக்காரரின் அம்மா சொன்னார், அவ்வளவுதான்.

ஐந்தாவது மாதம் நான் சொன்னதும் முதல் கடையில் நிறுத்திவிட்டார்கள். தோழி ஒருத்தி அழகாபுரம் பக்கம் இருக்கிற ஒரு சின்னக் கடைக்கு அழைத்துப்போனாள். அந்தக் கடை அக்கா செய்ததை மற்றக் கடைக்காரர்களும் படிக்க வேண்டும் என்பதால் விவரமாக எழுதுகிறேன். பின்பக்க ஜன்னலை பிளைவுட் அடித்து மூடி, மேலே பேனர் ஒட்டியிருந்தது. அதைப் பிரித்து, மேசைக்குப் பக்கத்திலேயே காற்றை வெளியே தள்ளுகிற மாதிரி ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தார். 1,850 ரூபாய் ஆயிற்று, எலக்ட்ரீஷியன் கூலி தனி. வாசல் பக்கம் ஒரு டேபிள் ஃபேன், வெளிக்காற்று உள்ளே வர. அக்ரிலிக்கையும் ட்ரில் வேலையையும் மற்ற இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பெடிக்யூர், த்ரெடிங், மெஹந்தி. அப்புறம், எல்லாவற்றையும் விடப் பெரிய காரியம் ஒன்று செய்தார். இன்சென்டிவை ஆளுக்கு ஆள் கணக்குப் பார்க்காமல் கடைக்கே மொத்தமாகச் சேர்த்து மூன்று பங்காகப் பிரித்தார். அந்த இரண்டு பெண்களும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாளைக்கு அவர்களுக்கும் இதே நிலை வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மற்றதெல்லாம் பழக்கம்தான். திரவத்தைச் சின்னக் கிண்ணத்தில் தேவைக்கு மட்டும் ஊற்றி உடனே மூடிவிடுகிறோம். நனைந்த பஞ்சு மூடி போட்ட டப்பாவுக்குப் போகும், அதைப் பொழுதுக்கும் வைத்திருக்காமல் அடிக்கடி வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடுவோம். கைக்கு நைட்ரைல் கிளவுஸ். சாப்பாடு மேசையில் கிடையாது. மாஸ்க் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். சாதாரண நீல மாஸ்க் நெடியைத் தடுக்காது. என்95 தூளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. மாஸ்க் இருக்கிறதே என்று ஜன்னலை மூடிவிட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வாடிக்கையாளர்களாக வருகிற அக்கா தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். மே மாதத்துச் சேலம் வெயிலில் கதவைத் திறந்து வைத்தால் புழுக்கமாகத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவீர்கள்.

மாநகராட்சி தொழில் உரிமம் தரும்போது, நெயில் கடைக்கு வெளிக்காற்று வர வழி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்கலாம். கர்ப்பிணிகளைப் பதிவு செய்கிற செவிலியர்கள், என்ன வேலை என்பதோடு நிறுத்தாமல் கையில் என்னென்ன பொருள் புழங்குகிறது என்றும் கேட்கலாம்.

என் மகளுக்கு இப்போது நான்கு மாதம். அழகாபுரம் கடைக்கே மறுபடி போகப்போகிறேன். உங்கள் மகளிர் இணைப்பில் அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், கர்ப்பிணிகள் இந்த வேலையை எப்படிச் செய்வது என்று ஒரு மகப்பேறு மருத்துவரைக் கேட்டு எழுதுங்கள். நான் எடுத்து வைத்த லேபிள் படங்கள் இன்னும் போனில் இருக்கின்றன. வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
நெயில் டெக்னீஷியன் ஒருவர்,
கன்னங்குறிச்சி, சேலம்.