பூர்வீக நிலம்: விலைக்கு முன் பங்கைப் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரையைச் சுற்றி நான்குவழிச் சாலையும் ரிங் ரோடும் தொடும் ஊர்களில் தரகர் வாசல் ஏறாத விவசாயக் குடும்பம் குறைவு. ‘விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா’ என்று அண்ணன் தம்பிகள் உட்காரும்போதே சென்ட் விலை நடுவில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. யாருக்கு எவ்வளவு, அது தரையில் எங்கே என்ற பேச்சு அட்வான்ஸ் வாங்கிய பிறகுதான் வருகிறது. வழக்குகள் முளைப்பது அங்கேதான்.

பல குடும்பங்களில் நிலம் இன்னும் தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவிலோ கிடக்கிறது. கூட்டுப் பட்டாவில் பெயர்கள் இருக்கும். கிணற்றுப் பக்கம் யாருடையது என்று இருக்காது. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, ‘அ’ பதிவேடு (கிராமத்தின் நிலக் கணக்கு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யூ.டி.ஆர். கணக்கெடுப்பில் விழுந்த பெயர்ப் பிழையும் பரப்புப் பிழையும் அப்போதுதான் கண்ணில் படும். நாம் பார்க்காவிட்டால் வாங்க வருபவரின் வக்கீல் பார்ப்பார். அதைக் காட்டியே விலை இறங்கும்.

‘சீர் செய்து அனுப்பியாச்சு’ என்று சொல்லி அக்கா, தங்கச்சியை ஒதுக்குவது சட்டத்தில் நிற்காது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு தர இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989-ல் கொண்டுவந்த திருத்தம், அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமான பெண்களை விட்டுவிட்டது. 2005-ல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த வேறுபாடு இல்லை. திருத்தம் வந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினை, கிரயம் போன்றவை இதற்குத் தப்பும். இறந்துபோன தம்பியின் மைனர் பிள்ளைக்கு வந்த பங்கை விற்கவும் நீதிமன்ற அனுமதி வேண்டும். தாயார் கையெழுத்து மட்டும் போதும் என்று எழுதி வாங்கினால், பிள்ளை மேஜரானதும் அந்தக் கிரயத்தை எதிர்த்து வழக்குப் போடலாம்.

மூன்று ஏக்கர் நான்கு வாரிசுக்கு என்றால் தலைக்கு 75 சென்ட். வரப்பும் பாதையும் போக மிஞ்சுவது இன்னும் குறைவு. கள்ளந்திரிக்குக் கீழே பெரியாறு பிரதானக் கால்வாயை நம்பிய ஒருபோக (ஆண்டுக்கு ஒரே பயிர் எடுக்கும்) நிலத்தில் அதை வைத்து ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. ஆகவே ஒருவர் பயிர் செய்ய விரும்பினால் மற்றவர்கள் பணம் பெற்றுக்கொண்டு அவருக்கே விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுப்பதுதான் நல்ல வழி என்பேன். செலவும் குறைவு. உடன்பிறந்தவர்களுக்கு இடையே முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. வழிகாட்டி மதிப்பில் (அரசு நிர்ணயித்த விலையில்) 20 லட்சம் பெறும் பங்குக்கு 30,000 ரூபாயில் முடியும். அதையே கிரயமாக எழுதினால் 9 சதவீதம், அதாவது 1,80,000. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் சம்பந்தப்பட்டிருந்தால் சலுகை பொருந்துமா என்று சார்பதிவகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தாமதித்துத் தாமதித்து ஒரு தலைமுறை கழிந்தால் இந்தச் சிக்கல்தான்.

ஒருவர் மட்டும் தன் பங்கை வெளியாளுக்குத் தள்ளிவிடப் பார்த்தால் சும்மா இருக்க வேண்டியதில்லை. உயில் இல்லாமல் இறந்தவரின் முதல் வகுப்பு வாரிசுகளுக்கு (மகன், மகள், மனைவி, தாய் போன்றவர்களுக்கு), ஒருவர் விற்கும் பங்கை முந்தி வாங்கும் உரிமையை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு தருகிறது. அது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்பது 2019-லேயே உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. விலையில் ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் விலை நிர்ணயிக்கும்.

பிரிப்பதென்றே முடிவானால் பத்திரத்தில் கிணற்றை மறக்காதீர்கள். ‘கிணற்றில் நாலில் ஒரு பங்கு’ என்று மட்டும் எழுதினால் சண்டை நிச்சயம். யாருக்கு எந்தெந்த நாள் முறைத் தண்ணீர், இலவச மின் இணைப்பு யார் பெயரில் இருக்கும், மோட்டார் காயில் எரிந்தால் செலவை யார் யார் ஏற்பது, வாய்க்கால் எந்த வரப்போரம் போகும் என்பதெல்லாம் வரிவரியாக வேண்டும். பழைய மாட்டுவண்டிப் பாதை இன்று போதாது. அறுவடை மெஷின் உள்ளே போக 12 அடியாவது விடுங்கள்.

விற்பதே சரி என்று தோன்றினால் வரிக்கணக்கைப் பத்திரத்துக்கு முன்பே போடுங்கள். மதுரை மாநகராட்சி எல்லையிலிருந்து 8 கிலோமீட்டர், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி நகராட்சிகளிலிருந்து 2 கிலோமீட்டர் தாண்டிய விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி (விற்ற லாபத்தின் மீதான வரி) கிடையாது. இந்தத் தூரம் நேர்கோட்டில் அளப்பது, பஸ் தூரமல்ல. எல்லைக்குள் விழுந்தாலும் அந்த ஆதாயத்தில் இரண்டு ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் விலக்குப் பெறலாம். ஆனால் விற்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் அங்கே பயிர் நடந்திருக்க வேண்டும். நல்ல விலை வரட்டும் என்று தரிசாகப் போட்டு வைத்தவர்களுக்கு அந்த விலக்கு கிடைக்காது.

வருவாய்த் துறைக்கு ஒரு கோரிக்கை. கூட்டுப் பட்டாக்களை அளந்து உட்பிரிவு செய்ய, அறுவடை முடிந்து வயல் காலியாக இருக்கும் கோடை மாதங்களில் ஒருபோகக் கிராமங்களில் சர்வேயருடன் முகாம் நடத்த வேண்டும். நடவு முடிந்த வயலில் எல்லைக் கல் தேட முடியாது.

இப்படிக்கு,
ஆவண எழுத்தர் ஒருவர்,
மேலூர்.